தண்ணீர் என்ன வேண்டும்? மது அருந்தாதவர் வெளியே சாப்பிடப் போகும்போது எழும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பட்டணத்தில் வசிக்கிறேன். பால்மரத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது எங்கள் குடும்பம் பட்டணத்துக்குக் குடிவந்தது. மதுவை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பக்கத்துக் கடைகளில் உட்கார்ந்தவுடன் பணியாளர் கேட்கும் முதல் கேள்வி “தண்ணீர் என்ன வேண்டும்?” என்பதுதான். தண்ணீர் என்றால் இங்கே குடிக்கும் பானம் எதுவும்தான். சாப்பாட்டைப் பற்றிப் பிறகுதான் கேட்பார். அந்த முதல் கேள்விக்கு நல்ல பதில் தேடித் தேடியே நான் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

குடிக்காதவர் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாமே. இதற்கு இவ்வளவு பேச்சு வேண்டுமா?

வேண்டும். சுங்கைப்பட்டாணியில் ஓர் உணவகத்தில் நண்பர் ஒருவரின் பணி ஓய்வு விருந்து. வட்ட மேசையில் பத்துப் பேர். ஒன்பது பேர் முன்னால் பனித்துளி படிந்த உயரமான கண்ணாடிக் குவளைகள். என் முன்னால், பிள்ளைகள் மேசைக்குப் போன அதே பிளாஸ்டிக் கோப்பை. அதில் பாதி கரைந்த ஐஸும் ஆரஞ்சு நிறச் சர்க்கரைத் தண்ணீரும். வாழ்த்துச் சொல்லி எல்லோரும் குவளைகளை உயர்த்தி இடித்துக்கொண்டபோது என் கோப்பையிலிருந்து ஓசையே எழவில்லை. அப்போது நான் மதுவை விட்டு எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. மற்றவர்களுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்புக்காகவே மறுபடியும் ஒரு குவளை எடுத்துவிடலாமா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் அலைந்தது. விட்டவர்கள் பலரும் இப்படிப்பட்ட இரவுகளில்தான் வழுக்குகிறார்கள்.

எங்கள் ஊருக்கு இது புதிய பேச்சும் இல்லை. தோட்ட நிர்வாகமே தோட்டத்துக்குள் கள்ளுக்கடை நடத்திய காலம் ஒன்று இருந்தது. கூலியாகக் கொடுத்த பணம் கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போனது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. போர் முடிந்த பிறகு, 1946, 1947 ஆண்டுகளில், இதே பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து கெடா தோட்டங்களில் கள்ளுக்கடை மறியல் நடத்தியது. கடையை மூடச் சொல்லிப் போராடிய அந்தத் தலைமுறைக்கு, அதற்குப் பதிலாக என்ன குடிப்பது என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்திருக்கிறது.

சாதாரண வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலும் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையிலும் புதிதாக என்ன கிடைத்துவிடப் போகிறது?

சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலை நம்பாதீர்கள். எழுந்து போய், தண்ணீர் கலக்குபவர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். கொதிக்கும் தேயிலைச் சாயம், கஸ்தூரி எலுமிச்சை, இஞ்சி, அசாம் போய் என்னும் உப்பிட்டு உலர்த்திய பிளம், பார்லி, ரோஜாப் பாகு, ஊறவைத்த சப்ஜா விதை, சின்சாவ் என்னும் கறுப்புப் புல் ஜெல்லி, சோடா. இவற்றில் முக்கால்வாசி எந்தக் கடையிலும் இருக்கும். சமையல் அறைக்குள் செராய் என்னும் எலுமிச்சைப் புல், வாசனைக்குப் போடும் பாண்டான் இலை, புளி, கறிவேப்பிலை, புதினா இருக்கும். பொருள்களுக்குக் குறைவே இல்லை. ஒன்றோடொன்றைச் சேர்த்துத் தரச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

எதைச் சேர்ப்பது என்பதற்கு நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்று உண்டு. மதுவை ஒருவர் ஒரே மூச்சில் குடித்து முடிப்பதில்லை. கசப்பும் எரிவும் மணமும் அவரை மிடறு மிடறாகக் குடிக்க வைக்கின்றன. சர்க்கரைத் தண்ணீரை அப்படிக் குடிக்க முடியாது. இரண்டு இழுப்பில் குவளை காலி, பிறகு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே நாம் கேட்கும் பானத்தில் புளிப்பு, உப்பு, கசப்பு, காரம், நுரை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இனிப்பு வேண்டுமானால் பின்னால் வரட்டும்.

பால் சேராத தேநீரைத் தே ஓ என்பார்கள். நான் முதன்முதலில் கேட்டு வாங்கியது இது: “தே ஓ ஐஸ், சீனி வேண்டாம். அதில் இரண்டு கஸ்தூரி எலுமிச்சை, ஓர் அசாம் போய், ஒரு தண்டு செராய் தட்டிப் போடுங்கள் அண்ணே.” கலக்குபவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு செராய்த் தண்டோடு வந்தார். வெள்ளை அடிப்பாகத்தை மட்டும் நறுக்கி எடுத்து, பலகையில் வைத்து, பால் டின்னின் அடியால் இரண்டு தட்டுத் தட்டினார். நார் பிளந்து மணம் முகப்பு முழுதும் பரவியது. கஸ்தூரி எலுமிச்சையைக் குறுக்கே வெட்டிப் பிழிந்து, தோலையும் குவளைக்குள்ளேயே போட்டார். அசாம் போயை முதலில் கொஞ்சம் கொதிநீரில் நசுக்கிக் கரைத்துக்கொண்டு, அதன் மேல் சாயத்தை ஊற்றினார். ஐஸைக் கடைசியில்தான் போட்டார். முதல் மிடறில் உப்பு, அடுத்ததில் புளிப்பு, தொண்டையில் இறங்கும்போது தேயிலையின் துவர்ப்பு. நாற்பது நிமிடம் அந்த ஒரு குவளையோடு பேசிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் கடைக்குள் நுழைவதைப் பார்த்தாலே அவர் செராய் எடுக்க உள்ளே போய்விடுவார்.

பழம் விரும்புபவர்களுக்கு எங்கள் வடபகுதியில் கொடுப்பினை அதிகம். கெடொண்டோங் பழத்தைத் தோலோடு அரைத்து அசாம் போய் சேர்த்துத் தருவது பினாங்கில் பெயர்பெற்ற பழக்கம் என்றாலும் இங்கேயும் எளிதாகக் கிடைக்கிறது. பச்சை மாங்காயின் புளிப்பும் ஒரு வகைப் பைன் மர வாசமும் கலந்த பானம் அது. சீனிப் பாகை நிறுத்தச் சொன்னால்தான் அதன் உண்மையான குணம் தெரியும். பினாங்குப் பக்கம் போனால் ஜாதிக்காய்ச் சாறு கேளுங்கள். மசாலாவுக்குப் போகும் கொட்டையை எடுத்த பிறகு மிஞ்சும் சதையிலிருந்து செய்கிறார்கள். லேசான காரமும் துவர்ப்பும் இருப்பதால் ஆட்டிறைச்சியோடு அருமையாகப் பொருந்தும்.

சோடா இருக்கும் கடையில் சங்குப்பூவும் இருந்தால் விட்டுவிடாதீர்கள். மலாய்க்காரர்கள் அதைப் புங்கா தெலாங் என்கிறார்கள். சோற்றுக்கு நீல நிறம் ஏற்ற வைத்திருப்பார்கள். அந்த நீலச் சாயத்தில் எலுமிச்சை பிழிந்தால் உங்கள் கண் முன்னாலேயே ஊதாவாக மாறும். பூவிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி, புளிப்பு பட்டால் நிறம் மாறும் தன்மை கொண்டது. ருசி என்று பார்த்தால் சங்குப்பூவுக்குத் தனியாக ஒன்றும் இல்லை. ஆகவே இஞ்சியோ செராயோ கட்டாயம் சேர வேண்டும்.

இவை எதுவும் இல்லாத கடையிலும் 100 பிளஸ் டின் இருக்கும். சிங்கப்பூரில் 1883-ல் தொடங்கிய ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் தன் நூற்றாண்டை ஒட்டி 1983-ல் கொண்டுவந்த பானம், பெயரின் காரணமும் அதுதான். அதில் கஸ்தூரி எலுமிச்சையும் அசாம் போயும் போட்டால் விருந்துக்குத் தகுந்த ஒன்றாக மாறிவிடும்.

எப்படிக் கேட்பது? சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

கடை வழக்கைத் தெரிந்துகொண்டால் தயக்கம் பாதி போய்விடும். ‘கோசோங்’ என்றால் சீனி இல்லை. ‘கூராங் மானிஸ்’ என்றால் இனிப்பைக் குறைக்க வேண்டும். ‘ஓ’ என்றால் பால் சேராதது, ‘சி’ என்றால் டின் பாலில் இனிப்பில்லாத வகை. ஒரு பானத்தில் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லும்போது தெரிந்த பெயரிலிருந்து தொடங்குங்கள். “தே ஓ ஐஸ், ஆனால்…” என்று ஆரம்பித்தால் கலக்குபவரின் கை அப்போதே வேலையைத் தொடங்கிவிடும். கூட்டம் அதிகமாக இருக்கும் வேளையில் புதுச் சேர்க்கை கேட்காதீர்கள். கேட்டது நன்றாக வந்தால் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். “அண்ணே, அந்தச் செராய்த் தண்ணீர் நன்றாக இருந்தது” என்று அவரிடம் சொல்பவர்கள் மிகக் குறைவு.

தே தாரிக் போதாதா?

கெட்டிப் பால் சேர்த்து ஆற்றித் தரும் அந்தத் தேநீர் எனக்கும் உயிர். ஆனால் அது சாப்பாட்டுக்குத் துணை ஆகாது. கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி எடை சர்க்கரைதான். சோற்றுக்கு முன் குடித்தால் வயிறு அடைத்துவிடும். சாப்பிட்டு முடித்து அரைமணி கழித்துக் குடியுங்கள்.

சீனர் உணவகத்தில் மேசைக்கு மேசை பீர் பாட்டில்தான். அங்கே என்ன கேட்பது?

அங்கேதான் குடிக்காதவருக்கு நல்ல வசதி. தேநீர்க் கூசா. போ லே அல்லது தியே குவான் யின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். போ லே மண்வாசமும் அடர்த்தியும் கொண்டது, கொழுப்பான இறைச்சியை வெட்டிக்கொண்டு போகும். தியே குவான் யின் மலர்மணம் கொண்டது, ஆவியில் வெந்த மீனுக்கு அதுவே சரி. கூசாவின் மூடியைத் திறந்து சாய்த்து வைத்தால் மறுபடி சுடுநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். சிறிய கோப்பையில் ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொடுப்பதால் கொடுத்தல், வாங்கல், மேசையைத் தட்டி நன்றி சொல்லல் என்று கையும் சும்மா இருப்பதில்லை. குளிர்ச்சியாக வேண்டுமென்றால் செவ்வந்திப்பூத் தேநீர், லோ ஹான் கோ என்னும் உலர்பழத்தில் காய்ச்சிய இனிப்பு நீர், பார்லி.

நட்சத்திர ஓட்டல்களிலும் மேல்நாட்டு உணவகங்களிலும் ‘மாக்டெயில்’ பட்டியல் இருக்கிறதே. அதை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், கேள்வி கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் வண்ணப் பாகும் சோடாவும்தான். ஷெர்லி டெம்பிள் என்றால் ஜிஞ்சர் ஏலில் மாதுளைப் பாகு. நல்ல கடையில் பாகு மாதுளையிலிருந்தே வரும், மற்ற இடங்களில் சிவப்புச் சாயம். மதுவில்லாத மோஹிட்டோ எனக்குப் பிடித்தது. ஆனால் புதினாவை அரைத்துக் கூழாக்கினால் கசந்து போகும், மெல்ல அழுத்தினால் போதும். “பாகைப் பாதியாக்கி எலுமிச்சையை இரட்டிப்பாக்குங்கள்” என்ற ஒரு வாக்கியம் பெரும்பாலான மாக்டெயிலைக் காப்பாற்றிவிடும்.

கசப்பு வேண்டும் என்பவர்களுக்கு டானிக் தண்ணீர் நல்ல அடித்தளம். அதன் கசப்பு குவினைனிலிருந்து வருகிறது. மலேரியாவுக்குக் கொடுத்த அதே குவினைன்தான், இப்போது மிகச் சிறிய அளவில். ஐஸ் நிறைந்த குவளையில் டானிக் ஊற்றி, கஸ்தூரி எலுமிச்சைத் தோலை மேலே பிழிந்து வாங்கிக் குடித்துப் பாருங்கள். சீனியும் அதில் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் எல்லோரும் கவனிக்க வேண்டும். சில ஓட்டல்களில் மதுவில்லாப் பானம் என்று சொல்லிக்கொண்டே அதில் ‘பிட்டர்ஸ்’ என்னும் கசப்புச் சாரத்தில் சில சொட்டு விடுவார்கள். அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது. சொட்டுக் கணக்கில் போதை ஏறாது என்றாலும், மதத்துக்காகவோ மருந்துக்காகவோ மறுவாழ்வுக்காகவோ முற்றாக விலகி நிற்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். “பிட்டர்ஸ் சேர்ப்பீர்களா?” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கொம்புச்சாவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது புளிக்க வைத்த தேநீர். அதிலும் சிறிதளவு ஆல்கஹால் உண்டாகும்.

எந்தச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்?

காரமான கறிக்கு மோர். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலிலுள்ள கேசின் புரதமும் அதை நாவிலிருந்து அகற்ற உதவுகிறது. குளிர்ந்த சோடாவைக் குடித்தால் நுரை வாயில் குத்தி எரிச்சல் இன்னும் ஏறும். வாழையிலைச் சாப்பாட்டின் முடிவில் ஊற்றும் மோரை முதலிலேயே ஒரு குவளையில் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிறைச்சி வறுவல் இருக்கும் நாளில் நான் இரண்டு குவளை வாங்குவேன்.

மீன் தலைக் கறி வேறு கணக்கு. அதில் புளி ஏற்கெனவே இருப்பதால் புளிப்பான பானம் எதுவும் எடுபடாது. சூடான தே ஹாலியா, பால் சேராமல், இஞ்சி தூக்கலாக. கறியின் எண்ணெய் நாவில் தங்காது. பிரியாணிக்குச் சப்ஜா விதை போட்ட எலுமிச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு. குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சத்தே சாப்பிடும்போது கரும்புச்சாறு நல்ல துணை, கடலைக் குழம்பின் கனத்துக்கு அந்தப் பச்சை வாசம் தேவைப்படுகிறது. அதில் எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். தோசைக்கு எதுவும் வேண்டாம், கோப்பி போதும்.

0.0 என்று எழுதிய பீர் குடிக்கலாமா?

இதற்கு ஆளுக்கு ஒரு பதில். எப்போதாவது குடித்துப் பழகி, வண்டி ஓட்டுவதற்காக இன்று மட்டும் வேண்டாம் என்பவருக்கு அது வசதியாக இருக்கலாம். மது அடிமைத்தனத்திலிருந்து மீண்டு வந்தவருக்கு நான் ஒருபோதும் கொடுக்க மாட்டேன். அதே மணம், அதே கசப்பு, அதே குவளை, மூளை பழைய பாதையைக் கண்டுபிடித்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு மாதம் 0.0 குடித்தார். இரண்டாம் மாதம் பழைய பாட்டிலுக்கே திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கதவுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டிருந்தார்.

‘ஆல்கஹால் இல்லாதது’ என்ற எழுத்தும் 0.0 என்ற எண்ணும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். பல நாடுகளில் 0.5 விழுக்காடு வரை இருந்தாலும் அப்படி எழுத அனுமதி உண்டு. நம் நாட்டில் இந்த வகைப் பானங்களை முஸ்லிம் அல்லாதோருக்கான பகுதியில்தான் வைத்து விற்கிறார்கள். முஸ்லிம் நண்பர்களோடு ஒரே மேசையில் சாப்பிடும்போது அதைக் கொண்டுவந்து வைக்காமல் இருப்பது மரியாதை.

சாலையோரத்தில் விற்கும் ஆயர் நீரா கள்ளா, இல்லையா?

ஊருக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். தென்னை அல்லது நீப்பாப் பனையின் பாளையிலிருந்து இறக்கும் இனிப்பு நீர்தான் நீரா. கெடாவில் பல சாலைகளில் ஐஸ் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். மலாய்க்காரர்கள் விரும்பிக் குடிக்கும் பானம். கள்ளும் இதே நீர்தான், புளித்த பிறகு. இறக்கிய சில மணி நேரத்திலேயே காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும், அதனால்தான் குளிர்ச்சியிலேயே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பதநீர்க் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதும் இந்தப் புளிப்பைத் தள்ளிப்போடத்தான்.

எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல நீரா வழவழப்பில்லாமல், இளநீரைவிடக் கொஞ்சம் கலங்கலாக, இனிப்பாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் லேசான புகை வாசம் வரலாம். நாவில் குறுகுறுத்தாலோ, பாட்டிலைத் திறக்கும்போது காற்று சீறினாலோ, புளிப்பு எட்டிப் பார்த்தாலோ கீழே வையுங்கள். காலையில் இறக்கியதைக் காலையிலேயே அங்கேயே நின்று குடிப்பதுதான் சரி. உணவகத்துக்கு எடுத்துப் போகலாம் என்று வண்டியில் வைத்துக்கொண்டு வெயிலில் சுற்றினால், மாலைக்குள் அது கள் ஆகியிருக்கும். என் தகப்பனார் கள்ளுக்கடை வாசலில் எத்தனையோ மாலைகளைக் கழித்தவர். கடைசிக் காலத்தில் நான் வாங்கிக்கொண்டு போன நீராவை ஒரு மிடறு குடித்துவிட்டு, “இவ்வளவு இனிப்பா இருந்தது இது?” என்று கேட்டார்.

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் என்ன குடிப்பது?

2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே அது அதிகமாகவே இருந்துவருகிறது. மதுவை விட்டவர் இனிப்பில் போய் விழுவது மிகச் சாதாரணம், எனக்கும் நடந்தது. ஆகவே மேலே சொன்ன எல்லாவற்றையும் ‘கோசோங்’ என்றே தொடங்குங்கள். செராய், பாண்டான், இஞ்சி, சங்குப்பூ, தேயிலை எதற்கும் சீனி கட்டாயமில்லை. சிராப் பண்டுங் பார்க்க அழகு. ரோஜாப் பாகும் டின் பாலும் சேர்ந்தது என்பதால் நீரிழிவு உள்ளவர் தள்ளியே இருக்க வேண்டும். பழச்சாறும் நார் போன பிறகு சர்க்கரைதான். அசாம் போயில் உப்பு அதிகம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பெலிம்பிங் என்று எல்லாப் பழச்சாற்றுக் கடைகளிலும் இருக்கும் நட்சத்திரப் பழத்தை ஒரு குவளைகூடக் குடிக்கக் கூடாது. அதிலுள்ள நச்சுப் பொருளைப் பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே பறித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் உறவினரை விருந்துக்கு அழைத்தால் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதையும் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வண்டி ஓட்டுபவருக்கு? கல்லூரிப் பிள்ளைகளுக்கு?

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டு, ஓட்டுநரின் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைந்தது. மது விற்கும் வயது வரம்பு 2017 டிசம்பர் முதல் 21. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதால் எங்கள் கடைகளில் மாலை நேரத்தில் மாணவர் கூட்டம் அதிகம். முதலாண்டு மாணவர் பலரும் 21-க்குக் கீழ்தான். அவர்களுக்கு அசாம் போய்ச் சேர்க்கைகளைச் சொல்லிக்கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

“ஒரு குவளைதானே மச்சான், எனக்காக” என்று வற்புறுத்துகிறார்களே?

கை வெறுமையாக இருக்கும்போதுதான் வற்புறுத்தல் அதிகம் வரும். ஆகவே மற்றவர்களுக்கு முன்பாகவே போய் உட்கார்ந்து, உங்கள் பானத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் இருப்பவரிடம் “இன்று எனக்கு இதுதான், யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்” என்று முதலிலேயே சொல்லிவைக்கலாம். நான் செய்வது அதுதான். மருந்து சாப்பிடுகிறேன், விரதம் இருக்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் சொன்னால் அதற்கு மறுமொழி தேடுவார்கள். “நான் குடிப்பதில்லை, இதைக் குடித்துப் பார்” என்று உங்கள் குவளையை அவர் பக்கம் நகர்த்துங்கள். செராய் வாசம் பிடித்துப்போய் என் மைத்துனரும் இப்போது அதையே கேட்கிறார், பீருக்கு நடுவில்தான் என்றாலும்.

விருந்து கொடுப்பவர் நீங்கள் என்றால் கடமை உங்களுடையது. மேசை பதிவு செய்யும்போதே, குடிக்காதவர்களுக்கும் அதே கண்ணாடிக் குவளை வைக்கச் சொல்லுங்கள்.

நான் கடை வைத்திருக்கிறேன். பட்டியலில் என்ன சேர்க்கலாம்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. மூன்று பானங்கள் போதும், நன்றாகச் செய்ய வேண்டும்.

முதலாவது பானகம். ராம நவமிக்குக் கோயிலில் கொடுப்பதுதான், வெல்லத்துக்குப் பதில் குலா மெலாக்கா என்னும் பனைவகைக் கருப்பட்டி, தண்ணீருக்குப் பதில் சோடா. ஒரு குவளைக்கு இரண்டு டீஸ்பூன் குலா மெலாக்காப் பாகு, அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை சுக்குத்தூள், ஓர் ஏலக்காய், சிறிது உப்பு. இவற்றை முதலில் கலந்து ஐஸ் போட்டு, 200 மில்லிலிட்டர் சோடாவை ஓரமாக ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் நுரை பொங்கி வழியும். சுக்கின் காரம் கடைசி மிடறு வரை நிற்கும்.

இரண்டாவது மோர். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், இஞ்சியோடு லிமாவ் புருட் இலை ஒன்றைக் கிழித்துப் போட்டு இரண்டு மணி நேரம் குளிரில் வைத்து வடிகட்டுங்கள். தமிழ்நாட்டில் நாரத்தை இலை போடுவார்களே, அந்த வாசத்துக்கு இது மிக அருகில் வருகிறது. வடிகட்டாமல் கொடுத்தால் மிளகாய் விதை பல்லில் மாட்டும், விருந்தாளி அடுத்த முறை கேட்க மாட்டார்.

மூன்றாவது நான் சொன்ன செராய்த் தே ஓ. செராயை முன்கூட்டியே காய்ச்சிப் பாட்டிலில் வைத்தால் வாசம் போய்விடும். ஒவ்வொரு குவளைக்கும் புதிதாகத் தட்டுங்கள்.

பட்டியலில் இவற்றுக்குத் தனிப் பெயர் எழுதி, பீருக்கு மேலே போடுங்கள். பழரசத்தோடு சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் தள்ளாதீர்கள். பிளாஸ்டிக் கோப்பையில் கொடுக்காதீர்கள். உழைப்புக்குத் தகுந்த விலை வையுங்கள். குடிக்காதவர் சிக்கனம் பார்ப்பவர் என்று கடைக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கவனமாகச் செய்த பானத்துக்கு நாங்கள் மனமுவந்து கொடுப்போம்.

பீடோங்கில் எந்தக் கடைக்குப் போகலாம்?

கடையின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. கலக்குபவர் மாறினால் பானமும் மாறிவிடும். புதிய கடையில் முதலில் ஒரு லிமாவ் ஐஸ் கோசோங், அதாவது சீனியில்லாத எலுமிச்சை ஐஸ் நீர், கேளுங்கள். பழத்தை வெட்டிப் பிழிகிறாரா, பாட்டிலைத் திறக்கிறாரா என்று பாருங்கள். பிழிந்தால் அடுத்த முறை அவரிடம் செராய் இருக்கிறதா என்று கேட்கலாம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் போய்விடுங்கள். ஏழு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிட்டால் தட்டிப் போட அவருக்குக் கை ஒழியாது.